பத்துக்கு ஒன்பது அறை

பள்ளத்தூர்

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. பேரன் எழுந்து நடக்கிறான் என்றால் இனிமேல் உன் வீட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சாமானும் தங்காது. கோயம்புத்தூர் ஃப்ளாட்டில் உனக்கென்று ஒதுக்கியிருக்கும் சின்ன அறையில் புதுக் கட்டில், மெத்தை எல்லாம் போடப் போவதாகவும், எதை எப்படி வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். சரியான நேரத்தில் கேட்டாய். இங்கே நானும் அந்த வேலையில்தான் தலையைக் கொடுத்திருந்தேன். இப்போதுதான் முடிந்தது.

ஊரோடு வந்துவிட்டோம் என்று சொன்னால் சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் அரண்மனைக்குக் குடிபோவதாக நினைத்துக்கொண்டார்கள். உனக்குத் தெரியாதா? எங்கள் செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, என்று சாவி போட்டுப் பூட்டிக்கொள்ள இருப்பது வளவை ஒட்டிய ஓர் அறை. உள்ளே அளந்தால் பத்தடிக்கு ஒன்பதடி. உன் அறையும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று எழுதியிருக்கிறாய். ஆக, அரண்மனைக்காரியும் ஃப்ளாட்காரியும் ஒன்றுதான்.

இந்த அறைகளைக் கட்டியவர்கள் யாரும் அதில் இரவு முழுக்கப் படுத்துத் தூங்குவார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை. சீர்ச் சாமானும் பெட்டியும் வைத்துப் பூட்ட ஓர் இடம், புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கொஞ்சம் தனிமை, அவ்வளவுதான். மற்றவர்கள் வளவுப் பத்தித் தாழ்வாரத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள், காற்று அங்கேதான் வரும். அதனால் அறைக்குள் ஒரு சன்னல், அதுவும் சின்னது. சுவர் நல்ல கனம். பகலிலேயே விளக்குப் போட வேண்டும். இதைப் படுக்கையறை ஆக்குவது என்றால் முதலில் காற்று, அப்புறம் வெளிச்சம், அதற்கப்புறம்தான் கட்டில். மகள் ஃபோனில் அனுப்பிய அழகழகான படங்களில் எல்லாம் ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சன்னலாக இருந்தது. பார்த்து ரசித்துவிட்டு மூடிவைத்தேன்.

சுவரில் முன்பு யாரோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது தோல் உரிவது போல உரிந்துகொண்டிருந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். அதன் மேல் பெயின்ட்டைப் பூசி மூடினால் ஈரம் போக வழியில்லாமல் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும். கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசிவிடலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கொஞ்சம் நீலம் போட்டுக் கரைத்த சுண்ணாம்பே அடித்தோம். அறை சட்டென்று ஒரு மடங்கு பெரிதானது போல இருக்கிறது. ஒயரிங்குக்கும் சுவரை வெட்ட விடவில்லை. மேலோட்டமாகக் கேசிங் போட்டு, கட்டிலில் படுத்தபடியே கை நீட்டிப் போடும் உயரத்தில் ஒரு சுவிட்ச் வைத்தாயிற்று. உனக்குச் சுண்ணாம்புக் கவலை இல்லை, ஆனால் அந்த சுவிட்சை மட்டும் மறக்காதே. இருட்டில் எழுந்து தடவிக்கொண்டு போகிற வயது இல்லை நமக்கு.

சன்னலுக்கு எதிர்ப்பக்கம், கதவுக்கு மேலே வளவைப் பார்த்தபடி ஒரு பழைய காற்றுத் துளை இருந்தது. பலகை வைத்து அடைத்திருந்ததைத் திறந்து வலை போட்டோம். ராத்திரி வளவுக் காற்று அதன் வழியாக உள்ளே வருகிறது. ஏசி போடலாம் என்று இவர் சொன்னார். கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஏசி உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்குமே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவராது. இந்த மாதிரி அறைக்குக் குளிர்ச்சியைவிடக் காற்றுதான் முக்கியம். விட்டம் உயரம் என்பதால் நீளக் கம்பி வாங்கி ஃபேனை இறக்கி மாட்ட வேண்டியிருந்தது.

தரையில் நல்ல ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல்தானே, சூளையில் வைத்துச் சுடுவதில்லை. அதனால் ஆசிட் பட்டால் போயிற்று. வேலைக்கு வந்த பெண் பாத்ரூம் கழுவும் பாட்டிலோடு வந்து நின்றபோது எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீரில் துளி தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். ஆடிக்கொண்டிருந்த இரண்டு கல்லை மாற்ற ஆத்தங்குடிக்கே போனோம். சிவப்பு சிவப்போடு சேரவில்லை. கையால் செய்வது, எப்படிச் சேரும்? அந்த இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

இனிக் கட்டில் கதை.

மாமியாரின் பர்மா தேக்குக் கட்டில் மேல் கட்டோடு, நான்கு பக்கம் கம்பம் வைத்து, மாடியில் பிரித்துக் கிடக்கிறது. அதைத்தான் போட வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தடி அறையில் அதைப் போட்டால் அறையே கட்டில்தான். ஒருவர் இறங்க வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அப்புறம் ஆறடி அகலத்தில் புதிதாக வாங்கலாம் என்றார். நான் டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். பத்தில் ஆறு போனால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி. ஐந்தடி என்றால் இரண்டரை அடி. அந்த அரையடியில்தான் போர்வையை உதறலாம், பெருக்கலாம், இடித்துக்கொள்ளாமல் நடக்கலாம். கடைசியில் ஐந்தடிக்கு ஆறரை அடி. கடைகளில் குயின் சைஸ் என்று 60க்கு 78 அங்குலம் சொல்வார்களே, அதேதான்.

நம் பழைய இரட்டைக் கதவு இந்த மாதிரி அறைக்கு எவ்வளவு தோது என்பது இப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பலகையும் குறுகல் என்பதால் திறக்கும்போது உள்ளே இடத்தை அடைப்பதே இல்லை. உன் ஃப்ளாட்டில் ஒற்றைக் கதவு முழு அகலத்துக்கும் உள்ளே திரும்பும். கட்டிலுக்கு இடம் பார்க்கும்போது கதவை முழுக்கத் திறந்துவைத்து அளக்கச் சொல். லிஃப்டின் வாசலையும் அளந்துகொள், மெத்தை மடங்காது.

புதுக் கட்டிலை ஆசாரியை வைத்து வேப்பமரத்தில் செய்தோம். தலைமாட்டில் பலகை கிடையாது. சுண்ணாம்பு முதுகில் ஒட்டாமல் இருக்கப் பத்தமடைப் பாய் ஒன்றை மரச்சட்டத்தில் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டேன், அதுவே தலைமாடு. அடியில் பெட்டி வைத்த கட்டில்தான் இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள், உன் மருமகளும் அதைத்தான் சொல்வாள். உனக்கு வேண்டாம். மெத்தையைத் தூக்கித் தூக்கிப் பெட்டியைத் திறக்க உன் முட்டி விடாது. அடியில் துடைப்பம் தாராளமாகப் போய்வர வேண்டும். மரத்தூள் பலகைக் கட்டிலும் வேண்டாம். இங்கே ஓர் உறவுக்காரர் வீட்டில் ஐப்பசி மழைக்கு ஈரத்தை இழுத்து உப்பிக்கொண்டு கால் பிடுங்கி வந்துவிட்டது. கடைக்காரர் உத்தரவாதம் தண்ணீர் பட்டால் செல்லாது என்று சொல்லிவிட்டாராம்.

உயரம் மிக முக்கியம், இதைக் கவனமாகக் கேள். மெத்தையையும் சேர்த்து உயரம் பார்க்க வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட மேலே ஏறக்கூடாது. எனக்கு அது பத்தொன்பது அங்குலமாக வந்தது. நீ என்னைவிடக் கொஞ்சம் உயரம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்கச் சுலபமாக இருக்கும் உயரத்தைக் குறித்துக்கொள். அதிலிருந்து மெத்தைக் கனத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஆசாரியிடம் சொல்.

கட்டிலில் மிச்சம் பிடித்த காசை மெத்தையில் போட்டேன். நீயும் அப்படியே செய். உடம்பில் படுவது மெத்தையும் விரிப்பும்தான், கட்டில் காலை யார் பார்க்கப் போகிறார்கள்? கல்யாணத்துக்கு எங்கள் ஆத்தா வைத்த இலவம்பஞ்சு மெத்தைகள் பரணில் இருந்தன. கல்யாணச் சீர்ச் சாமானைப் பார்வைக்குப் பரப்பிய அன்றைக்கு அவற்றை அடுக்கி வைத்திருந்த உயரத்தைப் பார்த்து நீ ஏறிக் குதிக்கலாமா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போது பிரித்தால் பஞ்சு பாதி தூளாக இருக்கிறது. நல்லதாக இருந்ததை மட்டும் எடுத்து வெயிலில் காயவைத்து, புதுப் பஞ்சும் சேர்த்து நான்கு தலையணை தைத்தாயிற்று. இலவம்பஞ்சு தலையணைக்குத்தான் ராஜா. மெத்தையாகப் போட்டால் நாளாக நாளாக நடுவில் குழி விழுந்துவிடும், அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். அதைத் தூக்க நமக்குத் தெம்பு ஏது?

மெத்தைக்கு ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார், மேலே கொஞ்சம் லேடக்ஸ். ஃபோம் மெத்தையைக் கடையில் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அது உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். நாரில் காற்று ஓடும். கோயம்புத்தூர்க் குளிருக்கு உனக்கு ஃபோம் ஒத்துக்கொள்ளலாம், கடையில் வெட்கப்படாமல் பத்து நிமிஷம் படுத்துப் பார். எல்லாரும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

விரிப்பு பருத்தி மட்டும். கடைக்காரர் எத்தனை நூல் எண்ணிக்கை சொன்னாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சட்டென்று உறிஞ்சினால் பருத்தி, முத்தாக நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கும். கஞ்சி ஏற்றிய புதுத்துணி மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், அதை மனதில் வைத்துக்கொள். நம் மெத்தைக்கு 90க்கு 108 அங்குலம் வேண்டும். சின்னதாக வாங்கினால் முதல் துவைப்பில் சுருங்கி ராத்திரியெல்லாம் கழன்றுகொண்டே இருக்கும்.

எங்கள் ஆயாவின், அதாவது பாட்டியின், கண்டாங்கிச் சேலை மூன்று பெட்டியில் கிடந்தது. அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம். கட்ட முடியாத அளவுக்கு இழை விட்டுப்போனதைத் தலையணை உறையாகவும், நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு மெல்லிய மேல் விரிப்பாகவும் தைத்தேன். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, ஆயா இருந்திருந்தால் அடுப்படிக்குக் கட்டுகிற சேலைக்கு எதுக்குடி இதெல்லாம் என்றுதான் கேட்டிருப்பாள். வெள்ளைச் சுவருக்கு நடுவில் அந்த ஒரு நிறம் போதுமாக இருக்கிறது. மகள் திரைச்சீலையும் அதே மாதிரி போடு என்றாள். போடவில்லை. எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தால் அறை இன்னும் சின்னதாகத் தெரியும்.

பீரோவை வெளியேற்றினதுதான் பெரிய சண்டை. அது இப்போது பத்தியில் இருக்கிறது, பங்காளிகளிடம் சொல்லிவிட்டோம். துணிமணிக்குச் சுவர் அலமாரி, கண்ணாடி, மாத்திரைக்கெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஓலைக் கொட்டான். ஸ்டூல் வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனோம். ரவிவர்மா படமும் பீங்கான் பூச்சுக் கிண்ணமும் நிலையும் தூணுமாக வரிசையாகக் கடை. இடித்த வீடுகளின் சாமான் அங்கே வந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதே இல்லை, இருந்தாலும் போய்விட்டால் சீக்கிரம் வர மனம் வராது. இவர் ஒரு பெல்ஜியம் கண்ணாடியில் கண் வைத்தார். மாட்டச் சுவர் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டூலோடு திரும்பினோம்.

விட்டத்தில் தொட்டில் கட்டும் கொக்கி இருந்தது. அதில் கொசுவலை தொங்குகிறது.

பிள்ளையார் நோன்புக்கு இந்த வருஷம் பங்காளிகள் நிறையப் பேர் வருகிறார்கள். மாவில் ஏற்றிய இழைத் திரியை எடுத்துக்கொள்ள நீயும் வா. வளவில் பாய் விரித்து எல்லாரையும் படுக்க வைத்துக்கொள்ளலாம். உன் முட்டிக்கு இந்தக் கட்டில்தான், இவரை முகப்புக்கு அனுப்பிவிடுகிறேன், அவருக்கும் அங்கே சீட்டாட ஆள் கிடைக்கும். வரும் வழியில் கரூரில் இறங்க முடிந்தால் வெள்ளையிலோ வெளிர் மஞ்சளிலோ இரண்டு விரிப்பு எடுத்து வா, 90க்கு 108, மறந்துவிடாதே. பூப்போட்டது வேண்டாம். உன் அறை அளவையும், கதவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு, கட்டிலை எந்தச் சுவரில் போடலாம் என்று எழுதுகிறேன்.

உன் அன்புத் தோழி