பால் கொள்முதல் விலையும் பேப்பரில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கக் கட்டுரையில், "வணிகத்துக்கு வெளியே நிற்கும் ஏழைகளை உள்ளே கொண்டுவந்தால் வறுமை தானாகக் குறையும்" என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வெளியே நிற்பது யார்? இருட்டோடு எழுந்து சாணி அள்ளி, மாடு கறந்து, தூக்குவாளியோடு பால் கூட்டுறவு சொசைட்டி வாசலில் வரிசையில் நிற்கிற நாங்களா? பால் வியாபாரத்துக்குள் நாங்கள் ரொம்ப காலமாகவே இருக்கிறோம் ஐயா. இருந்தும் கையில் ஏன் காசு தங்கவில்லை என்று அந்தக் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை.

என்னிடம் இரண்டு கறவை மாடுகள். பாலுக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொழுப்பும், கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கிற இதரச் சத்தும் பார்த்துத்தான் லிட்டருக்கு இவ்வளவு என்பார்கள். இதரச் சத்துக்கு, பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானிக் கருவியைப் பாலில் விட்டு டிகிரி பார்க்க வேண்டும். கறந்த சூடு ஆறாத பாலில் பால்மானி டிகிரியைக் குறைத்துத்தான் காட்டும், அந்தச் சூட்டுக்குத் தக்கபடி கூட்டிக் கணக்குப் போட வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிக் கூட்டி நான் பார்த்ததில்லை. டிகிரி குறைந்தால் விலை குறைகிறது, அதோடு போகாமல் தண்ணி கலந்திருக்கிறாய் என்று நாலு பேர் முன்னால் பேச்சு வேறு. சாம்பிள் என்று தினமும் எடுக்கிற பாலுக்குக் கணக்கே கிடையாது. டிகிரியையும் கொழுப்பையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "இஷ்டம் இருந்தா ஊத்து, இல்லன்னா எடுத்துட்டுப் போம்மா" என்றார்கள். கறந்த பாலை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? பத்து நாளைக்கு ஒருமுறை தர வேண்டிய பணமும் மாதக்கணக்கில் இழுத்தது. தவிட்டுக்கடைக்காரரும் புண்ணாக்குக்காரரும் அதுவரை காத்திருப்பார்களா?

தனியார் வண்டிக்கும் ஊற்றிப் பார்த்தாயிற்று. வெயில் காலத்தில் வீடு தேடி வந்து கூட விலை கொடுத்தார்கள். மழை பெய்து, புல் முளைத்து, எல்லா வீட்டிலும் பால் பெருகியதும் விலையை இறக்கினார்கள், அப்புறம் பாதிப் பேரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். 2020 ஊரடங்கில் டீக்கடைகள் மூடியபோதும் இதே கதைதான். நஷ்டம் என்று வந்தால் அது முதலில் மாட்டுக்கொட்டகைக்குத்தான் வருகிறது.

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். பெரிய எழுத்தில் போட்டீர்கள், சரி. அந்த 35 ரூபாய் குறிப்பிட்ட சத்து இருக்கிற பாலுக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே. செய்தியைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து என் தம்பி, "இனிமே உனக்கென்னக்கா" என்று போன் செய்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் எங்கள் தருமபுரியில்தான் தொடங்கின. அந்தக் குழுக்களால் கந்துவட்டியிலிருந்து தப்பித்த குடும்பங்கள் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் குழுவுக்குப் பினாயில் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். வாங்க ஆள் யார் என்று யாரும் சொல்லவில்லை. கேன்களை நாங்களே வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய், கடைசியில் சொந்தக்காரர்கள் தலையில் கட்டினோம். கடனை மட்டும் ஒழுங்காகக் கட்டினோம்.

கட்டுரையாளர் அமுலைப் புகழ்ந்திருக்கிறார். புகழட்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகளும் வியாபாரத்துக்கு வெளியே நின்றவர்கள் இல்லை, போல்சன் என்கிற தனியார் பால் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததே அவர்கள் பால்தான். விலை கட்டுப்படியாகவில்லை என்று பால் தர மறுத்து, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-ல் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள், அதுதான் அமுல். பால் கறக்கிறவர்களே சங்கத்துக்கும் சொந்தக்காரர்கள் ஆனதைக் கட்டுரையாளர் எழுதவே இல்லையே, ஏன்?

என் கோரிக்கை பெரிதில்லை. தங்கம் விலை தினமும் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் மாவட்டப் பக்கத்தில் பால் கொள்முதல் விலையையும் போடுங்கள். எவ்வளவு கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும் எவ்வளவு ரூபாய் என்கிற பட்டியலாகவே போட வேண்டும், மேல் விலையை மட்டும் போட்டால் எங்களுக்குப் பயனில்லை. அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சொசைட்டியில் கேட்டுக்கொள்கிறோம். தவிடு, புண்ணாக்கு விலையையும் பக்கத்திலேயே போட முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.