ஆண்டறிக்கை 2024–25: பிடி ஓர் ஊர், உறை ஓர் ஊர்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு வேலையைச் செயற்குழுவிடம் ஒப்படைத்தீர்கள். நம் உறுப்பினர்களிடம் உள்ள பழைய இந்தோனேசிய வாள்கள், உறைகள் பற்றிய பதிவட்டைகளைத் திருத்தி எழுத வேண்டும் என்பது அந்த வேலை. பல அட்டைகளில் ‘போர்னியோ’, ‘சுமத்ரா’ என்று ஒரே சொல்தான் இருந்தது. அவ்வளவு பெரிய தீவின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை இதற்கே போயின. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

போர்னியோத் தீவுத் தயாக் மக்களின் மண்டாவ் வாள்தான் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. அலகு ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் சற்றுக் குழிந்தும் இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைச் சொல்ல முடியாது. அபோ காயான் மேட்டு நிலத்துக் கொல்லர்களின் அலகுகளுக்கு நல்ல பெயர் இருந்ததால், அவை கைமாறி வேறு இனத்தாரிடமும் போயின. வாங்கியவர் தம் ஊர் வழக்கப்படி உறை செய்துகொள்வார். அதனால் மான் கொம்புப் பிடியையும் உறையையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. கென்யா, காயான் என்ற தயாக் இனத்தாரின் வேலைப்பாட்டில் கொக்கிபோன்ற சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகும். ‘அசோ’ என்ற நாய்-நாக உருவம் கண்ணும் தாடையும் மட்டும் தெரிய, மீதி உடம்பெல்லாம் சுருளாகிவிடும். கண்ணை முதலில் தேடுங்கள். அது கிடைத்தால் மற்றது தானாகப் பிரியும். உறை இரண்டு மரப் பலகைகளைப் பிரம்பால் கட்டியது. பின்புறம் சிறு கத்திக்கு ஒரு தனிக்கூடு இருக்கும். அந்தச் சின்னக் கத்தி தொலைந்துபோன உறைகள் நம்மிடமே சில உண்டு. பிடியில் முடிக்கற்றை இருந்தால் ‘தலை வாங்கிய வாள்’ என்று வியாபாரிகள் சொல்லி விலையை ஏற்றுவார்கள். ஆட்டு முடியும் வைப்பது வழக்கம் என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ளவும்.

சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவு வாளில் இவ்வளவு சிரமம் இல்லை. பிடியே வாயைப் பிளந்த லசாரா என்ற கற்பனை மிருகத்தின் தலை. தெற்கு நியாஸ் உறைகளில் பல்லும் தாயத்துகளும் கோத்த பிரம்பு உருண்டை ஒன்று தொங்கும். உருண்டை இல்லாவிட்டால் உறையில் கட்டுத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயின் சிக்கின் பஞ்சாங் வாள் நேரான அலகும் கவைபோல் இரண்டாகப் பிரியும் கொம்புப் பிடியும் கொண்டது. ஆனால் பக்கத்து மலைநாட்டு காயோ மக்களும் இதைப் பயன்படுத்தியதால், செதுக்கல் எதுவும் இல்லாத பிடிக்கு ‘ஆச்சே அல்லது காயோ’ என்றே எழுதினோம்.

கிரிஸ் என்ற குத்துவாளின் பக்கம் வந்தபோதுதான் வாக்குவாதம் சூடானது. 1755ஆம் ஆண்டு கியாந்தி ஒப்பந்தத்தில் ஜாவாவின் மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபின் சுராகார்த்தா ஒரு வழியும் யோக்யகார்த்தா ஒரு வழியும் போயின. சுராகார்த்தாவில் சடங்குக்கான உறை லட்ராங், யோக்யாவில் அது பிராங்கா. யோக்யா உறையின் வாய்ப்பகுதி சற்றுக் கச்சிதமானது. இரண்டு ஊர்ப் பிடிகளிலும் அடக்கமான சிறு செதுக்கல்தான். ஜாவாவை ஒட்டிய மதுரா தீவுக்காரர்களோ பிடி முழுக்கப் பூவும் கொடியும் நிரப்பிவிடுவார்கள். சிலவற்றில் ஐரோப்பியக் கிரீடம்கூட உண்டு. பாலியில் தேவர், அரக்கர் உருவங்களே பிடியாகும்.

சிக்கல் என்னவென்றால், கிரிஸ் பிடி, அலகின் அடியில் நீளும் காம்பில் துணியோ நூலோ சுற்றி இறுக்கிச் செருகப்பட்டது. திருகினால் கழன்றுவிடும். மண்டாவ் பிடியைப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். எனவே பழைய பிசின் கலையாமல் இருந்தால் பிடியும் அலகும் ஒன்றாகவே வாழ்ந்தவை என்று நம்பலாம். கிரிஸில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இதை ஒட்டி, அட்டையில் அலகு, பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். ‘வாள் ஒன்று, ஊர் மூன்றா?’ என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பும் பதிவாகியுள்ளது. என்னைக் கேட்டால் மூன்று வரியே சரி.

நவம்பரில் ஓர் உறுப்பினர் டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபோநெகோரோவின் கிரிஸ் பற்றிப் பேசினார். நெதர்லாந்து அதை 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. பழைய ஆவணங்களையும் கிரிஸையும் பொருத்திப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அப்படியும் அந்த அடையாளத்தை ஏற்காதவர்கள் இருந்தார்கள். அரசாங்கங்கள் பார்த்த கதையே இப்படி என்றால், நம் அட்டையில் ‘ஒருவேளை’ என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகப் பயணம் இந்த ஆண்டும் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் தீவிபத்துக்குப்பின் அது 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தது; அதற்குள் நம் விடுமுறைத் தேதிகள் ஒத்துவராமல் போய்விட்டன.

அப்புறம் ஒரு முக்கியமான அறிவிப்பு. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்குத் தடை உண்டு. மதுராவின் தந்தப் பிடிகளைக் கூட்டத்தில் காட்டிப் பேசலாம், விலை பேசக் கூடாது. தேநீர் இடைவேளையிலும்தான்.

பாதிக்கு மேற்பட்ட அட்டைகள் முடிந்தன. சுலாவேசி, திமோர், சும்பா வாள்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குமுன் பிடி, உறையின் இருபுறம், காம்பு சேரும் இடம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிவிட்டுப் படமெடுக்க வேண்டாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்