கால்பேக்கை ப்ராமிஸாக மாற்றுவது குறித்துக் கணேசனுக்கு

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. வீட்டில் அனைவரும் நலம். உங்கள் அலுவலகத்துப் பழைய நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) நிரலில் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறேழு அடுக்குக் கால்பேக்குகள் (ஒரு வேலை முடிந்ததும் அழைக்கும்படி கொடுத்துவைக்கும் ஃபங்ஷன்கள், அதாவது நிரல் துண்டுகள்) கிடக்கின்றன என்றும், அவற்றை ப்ராமிஸுக்கு (பின்னர் வரப்போகும் விடைக்கோ பிழைக்கோ ஈடாக இப்போதே கைக்கு வரும் பொருள்) மாற்றும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். சென்ற ஆண்டு நானும் அதே வேலையைச் செய்து, அதில் ஒரு பெரிய தவற்றையும் செய்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நோட் 2009இல் வெளிவந்தபோது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ப்ராமிஸ் கிடையாது. அது மொழியின் தரத்தில் இடம்பெற்றது 2015இல்தான். அதனால் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட ஃபங்ஷன்கள் பெரும்பாலும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றின. கால்பேக் கடைசியில் வரும். அதற்குத் தரப்படும் முதல் மதிப்பு பிழை, இரண்டாவது மதிப்பு விடை. இந்த வழக்கத்தை நம்பித்தான் 2017இல் நோட் 8ஆம் பதிப்பு, உதவி ஃபங்ஷன்கள் அடங்கிய யூட்டில் தொகுதியில் ப்ராமிசிஃபை என்ற ஃபங்ஷனைக் கொடுத்தது. பழைய ஃபங்ஷனை அதனிடம் கொடுத்தால், ப்ராமிஸைத் திருப்பித் தரும் புதிய ஃபங்ஷன் ஒன்று கிடைக்கும். உன் நிரலின் பெரும்பகுதி இந்த வழியிலேயே மாறிவிடும். கோப்புகளைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் அதுகூடத் தேவையில்லை. நோட்டிலேயே ப்ராமிஸ் வடிவங்கள் இருக்கின்றன.

ஆனால் அந்த வழக்கத்தை மீறிய ஃபங்ஷன்களும் உண்டு. ஒரு கோப்பு இருக்கிறதா என்று கேட்கும் பழைய எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷனின் கால்பேக்குக்குப் பிழைக்கு என்று ஓர் இடமே இல்லை. ஆம் அல்லது இல்லை என்பது மட்டுமே வரும். அதனை யோசிக்காமல் நாமே கையால் சுற்றி எழுதினால், 'கோப்பு இருக்கிறது' என்ற நல்ல செய்தியே பிழையாகக் கருதப்பட்டு ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகிவிடும், அதாவது தோல்வியில் முடிந்துவிடும். குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் செட் டைம்அவுட்டில் கால்பேக் முதலில் வருகிறது. இவ்விரண்டுக்கும் நோட் தனி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தார் தாமே எழுதிக்கொண்ட ஃபங்ஷன்களுக்கு அப்படி யாரும் செய்து வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் திறந்து, கால்பேக் எங்கே, எத்தனை முறை, எந்த மதிப்புகளோடு அழைக்கப்படுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே மாற்று.

எத்தனை முறை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த நிரலில், மின்னணு எடை மேடையிலிருந்து வரும் எண்ணைப் படிக்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. மேடை தன் அளவை நொடிக்குப் பலமுறை அனுப்பும். அனுப்பும் ஒவ்வொரு முறையும் கால்பேக் ஓடி, திரையிலுள்ள எண்ணை மாற்றும். எண் அசையாமல் நின்றதும் எழுத்தர் பொத்தானை அழுத்திச் சீட்டு எடுப்பார். நான் இதையும் மற்றவற்றோடு சேர்த்து ப்ராமிஸாக்கி, எடை வந்ததும் சீட்டு தானே அச்சாகும்படி செய்துவிட்டேன். மறுநாள் காலை பால் ஊற்ற வந்த ஓர் அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மேடையில பதினெட்டு கிலோ காட்டுது, சீட்டுல பதினொண்ணுன்னு வருதே?" என்று கேட்டிருக்கிறார். கேனை வைத்துக்கொண்டிருக்கும்போதே வந்த முதல் எண்ணில் ப்ராமிஸ் முடிந்துவிட்டது. ஒரு ப்ராமிஸ் ஒரே ஒரு முறைதான் தீர்வாகும். அதன் பிறகு, விடையைத் தந்து ப்ராமிஸை முடிக்கும் ரிசால்வை எத்தனை முறை அழைத்தாலும் பிழையோ எச்சரிக்கையோ இன்றி அது அமைதியாக விட்டுவிடும். மேடையிலிருந்து வந்த எண்கள் அனைத்தும் பதிவுக் கோப்பில் இருந்ததால், அன்று காலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, யாருக்கும் பணம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா கேட்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

திருத்தம் பெரிதல்ல. தொடர்ந்து எண்களைத் தரும் ஃபங்ஷனை அப்படியே நிகழ்வாக விட்டுவிட்டு, 'எடை நிலைபெறும் வரை காத்திரு' என்ற வேறொரு ஃபங்ஷனை அதன் மேல் எழுதினேன். சுழியம் அல்லாத ஒரே எண் அடுத்தடுத்து ஐந்து முறை வந்தால் அது ரிசால்வ் ஆகும். இருபது நொடிகளுக்குள் வராவிட்டால் ரிஜெக்ட் ஆகும். இரண்டில் எது நடந்தாலும், எண்களைக் கவனிக்க அது வைத்த கேட்பானை நீக்கிவிடும். அந்த நேர வரம்பை மட்டும் நீ மறந்துவிடாதே. ஒருபோதும் அழைக்கப்படாத கால்பேக்கைச் சுற்றி எழுதிய ப்ராமிஸ், விடைக்குக் காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட்ட இடத்திலேயே நிரலை நிறுத்திவைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நீயே நியூ ப்ராமிஸ் எழுத வேண்டி வரும் இடங்களில், உள்ளே இருக்கும் கால்பேக்கில் ரிஜெக்ட், ரிசால்வ் என்ற இரண்டைத் தவிர வேறு எந்த வேலையையும் வைக்காதே. ப்ராமிஸுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் நேரடியாக வீசும் பிழை ரிஜெக்டாக மாறும். ஆனால் பின்னர் ஓடும் உள் கால்பேக்கில் ஜேசன் வடிவ உரைத் தரவைப் பிரிக்கும்போது எழும் பிழை அந்த வலையில் சிக்காமல் முழுச் செயலியையும் வீழ்த்திவிடும். பிரிக்கும் வேலையை அவெய்ட்டுக்குப் பின் வைத்தால், பிழைகளைப் பிடிக்கும் வழக்கமான ட்ரை கேட்ச் அதனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பொருளுக்குச் சொந்தமான ஃபங்ஷனைத் தனியே எடுத்து ப்ராமிசிஃபையிடம் கொடுக்கும்போது பைண்ட் செய்து, அதாவது அந்தப் பொருளோடு பிணைத்துக் கொடு. இல்லையேல் அந்தப் பொருளைக் குறிக்கும் திஸ் தொலைந்துபோய்ப் புரியாத பிழைகள் வரும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வேறு எதையும் அழைக்காத அடிமட்ட ஃபங்ஷன்களிலிருந்து மேல் நோக்கி வா. இன்னும் மாறாத மேலடுக்குகளுக்காக, ப்ராமிஸ் ஃபங்ஷனை மீண்டும் கால்பேக் வடிவத்துக்குக் கொண்டுவரும் கால்பேக்கிஃபை இருக்கிறது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்ட வேண்டிய கட்டாயமில்லை. நோட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே கேட்ச் இல்லாத ப்ராமிஸ்களைத் தேடிப் பிடித்துவிடு. 15ஆம் பதிப்பு முதல், கவனிக்கப்படாத ஒரு ரிஜெக்ட் செயலியையே நிறுத்திவிடும்.

பணப் பட்டுவாடாப் பகுதியில் ஒரே கால்பேக் இரண்டு இடங்களிலிருந்து அழைக்கப்படுவதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசிக்கொண்டே வரி வரியாகப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
செல்வம்