செக் எஞ்சின் விளக்கை அணைத்துவிட்டு சோதனைக்குப் போகாதீர்கள்

ஆசிரியருக்கு,

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோகக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. இதை வைத்து, இனி இன்ஸ்பெக்‌ஷனே இல்லை என்று நம்மவர்கள் பலர் இருந்துவிடுகிறார்கள். ஹாரிஸ், டாலஸ், காலின், டிராவிஸ் போன்ற கவுண்டிகளில் (மாவட்டங்களில்) 2 முதல் 24 ஆண்டு வரை பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை அப்படியேதான் இருக்கிறது. தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. (பாதுகாப்புச் சோதனை போனாலும் அதற்கான 7.50 டாலர் கட்டணம் போகவில்லை; பெயர் மாறி பதிவுக் கட்டணத்தோடு வருகிறது.)

1996 மாடல் முதலான கார்களில் புகையை அளப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி (காரே தன் கோளாறைக் கண்டறியும் அமைப்பு) சாக்கெட்டில் கருவியைச் செருகி, காரின் கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோளாறைக் காட்டும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், சோதனைக்கு முதல் நாள் ஸ்கேனரால் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு வருகிறார்கள். அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டுகிறார்கள். விளக்கு அணையும். கூடவே, கார் தன்னைத்தானே பரிசோதித்து வைத்த 'மானிட்டர்' முடிவுகளும் அழிந்துபோகும். டெக்சாஸில் 2001 மாடல் முதலான காரில் ஒரு மானிட்டர் மட்டுமே முடியாமல் இருக்கலாம். இரண்டு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனவே முதலில் கோளாறைச் சரிசெய்யுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால்கூட விளக்கு எரியும். பிறகு சில நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மானிட்டருக்கு நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகம் தேவை. பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் மானிட்டர்தான் அடம் பிடிக்கும்: இரவு முழுக்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பியும் இருக்கக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது. பாதியளவு உத்தமம். சாதாரண ஓபிடி ரீடரே எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டிவிடும். விளக்கின் பல்பைக் கழற்றிவிடும் தந்திரமும் பலிக்காது. சாவியைத் திருப்பியதும் அது எரிந்தாக வேண்டும்.

பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை தொடர்கிறது. டயரின் பள்ளத்தில் பென்னியை (ஒரு சென்ட் நாணயத்தை) அதிலுள்ள லிங்கன் தலைகீழாக இருக்கும்படி நுழைத்துப் பாருங்கள். தலை முழுவதும் வெளியே தெரிந்தால் டயரை மாற்றிவிட்டுப் போங்கள்.

கன்வெர்ட்டர் போய்விட்டது என்று கடையில் சொன்னால் உடனே பணம் கட்டவேண்டாம். மத்திய அரசுச் சட்டப்படி அதற்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை உற்பத்தியாளரின் வாரண்டி உண்டு. காரை இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் அது பொருந்தும்.

— சோதனை நிலைய மெக்கானிக், ஹியூஸ்டன்