தூரத்தில் வரும்போதே

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக் கிடந்திருக்கிறாய். குளித்து மாற்றுச் சேலை எடுத்து வரலாம் என்று வீட்டுக்குப் போன நேரத்தில் அம்மா போய்விட்டார்கள். "பெத்தவளோட கடைசி மூச்சுக்குக்கூட பக்கத்துல இல்லாத பாவி நான்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே மை மாறியிருந்தது, மறுநாள் எழுதியது போல: "நீங்கள் கிறிஸ்தவர்கள் வாராவாரம் கோயிலில் பாவி, பாவி என்று சொல்லிவிட்டு எப்படி நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறீர்கள்?"

நீ மனசு தாங்காமல் கேட்ட கேள்வி இது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ செய்தது பாவம் இல்லை. துக்கம் ஆளைச் சும்மா விடாது, யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நம்மையே ஏற்றிவிடும். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தவள் நீ, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தவள் நீ. உடம்பு அசந்துபோய்க் குளிக்கப் போனதைப் பாவம் என்று எந்தச் சாமியும் எழுதிவைக்காது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வேதத்தின்படிப் பாவம் என்பது வேறு.

பொய், களவு, விபசாரம் என்று பட்டியல் போட்டுச் சின்ன வயதில் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீன் பிஷப் தன் பதினாறாவது வயதில் நடந்த ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். ராத்திரியில் கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களை உலுக்கி அள்ளி வந்தார்களாம். பசி இல்லை. அதைவிட நல்ல பழம் வீட்டிலேயே இருந்தது. கடைசியில் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். "ஏன் செய்தேன்?" என்று பக்கம் பக்கமாகத் தன்னையே கேட்கிறார் அந்த மனுஷர். செய்யக்கூடாது என்பதற்காகவே செய்தேன், அதுதான் இனித்தது என்பது அவருக்குக் கிடைத்த பதில். பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதும்போது, "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று புலம்புகிறார். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். உள்ளே ஏதோ கோணிக்கொண்டிருக்கிறது. நம்மைப் படைத்து நேசிக்கிறவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. களவும் பொய்யும் அதிலிருந்து முளைப்பவை.

சரி, இதை அறிக்கையிட்டால் நிம்மதி எப்படி வரும்? அதற்கு எங்கள் வேதத்தில் லூக்கா பதினைந்தாம் அதிகாரத்துக்குத்தான் போகவேண்டும். விடுதியில் இருந்தபோது நாடகமாகப் போட்டோமே, இளைய குமாரன் கதை. நீகூடத் திரைக்குப் பின்னால் நின்று பாட்டுப் பாடினாய். அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போனவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கிற நிலைமைக்கு வருகிறான். வீட்டுக்குத் திரும்பலாம் என்று முடிவுசெய்து, சொல்லவேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொள்கிறான்: பாவம் செய்தேன், உமக்கு மகன் என்று சொல்லப்பட நான் தகுதியில்லாதவன், உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.

இப்போது இந்த வசனத்தைப் பார்: "அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவனை முத்தஞ்செய்தான்." மகன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டானா, திருந்திவிட்டானா, பணம் மிச்சம் இருக்கிறதா, எதையும் அப்பா விசாரிக்கவில்லை. ஆள்காரர்களை வைத்து வேலை வாங்குகிற பெரிய குடும்பத்துத் தலைவர், தெருவில் ஓடுகிறார். கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பையன் பேச ஆரம்பிக்கிறான். மனப்பாடம் செய்ததில் கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்பதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு, உயர்ந்த வஸ்திரம், கைக்கு மோதிரம், காலுக்குப் பாதரட்சை என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த வரிசையை நாங்களே பல சமயம் தலைகீழாகப் பிரசங்கித்துவிடுகிறோம், அதில் எனக்கு மனவருத்தம் உண்டு. முதலில் அழு, பிறகு திருந்து, அப்புறம் கடவுள் நேசிப்பார் என்கிற மாதிரி. வேதம் அப்படிச் சொல்லவில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் பவுல். திருந்திய பிறகு அல்ல. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாவி என்று சொல்வது, கழுத்தைக் கட்டிக்கொண்டவரின் தோளில் சாய்ந்து சொல்வது. அதனால்தான் கோமதி, வீட்டுக்கு வந்து சோறு இறங்குகிறது.

"அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்று திருவாசகத்தை விடியற்காலையில் நீ சொல்லக் கேட்டுக் கண்விழித்தவள் நான். அருள் முந்திக்கொள்கிறது என்பது உனக்குப் புதிதில்லை. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை, அது உன் நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை, என் நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை. ஆனாலும் அந்த வரியை நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ அசையும்.

கதையில் இன்னொருவன் இருக்கிறான், அவனைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். மூத்தவன். வயலிலிருந்து வருகிறான், வீட்டில் பாட்டுச் சத்தம், உள்ளே போக மாட்டேன் என்று வெளியிலேயே நிற்கிறான். ஒருநாளும் சொல் தட்டாதவன். அவன் பேச்சைக் கேள்: இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா? தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டுக்கு வெளியே நிற்கிறான். இயேசு இந்தக் கதையைச் சொன்னதே, "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று முறுமுறுத்த பக்திமான்களுக்குத்தான். யாரோடு பந்தியில் உட்காருவது என்பதுதான் அங்கே சண்டை.

நம் ஊருக்கு அது புரியாதா என்ன? மருமகளின் சொந்தக்காரர்கள் பணகுடிப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களோடு வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது அந்த ஊரில்தான். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகியதும் அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று. 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அதே ஊரில் 1872-ல் எழுந்த கோயிலில் இரண்டு நீளக் கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து கூடுகின்றன. ஒரு சாதி ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில், நடுவில் சுவர். 1910-ல்தான் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. எங்கள் புராட்டஸ்டன்ட் சபைகளும் இதில் சளைத்தவை இல்லை. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் எழுதிய கடிதத்துக்காக, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆட்கள் கோயிலைவிட்டே வெளியேறினார்கள்.

அந்தப் பீடத்தின் முன் நின்றபோது மூத்த குமாரன்தான் நினைவுக்கு வந்தான். நற்கருணையில் அப்பம் ஒன்று, பாத்திரம் ஒன்று, ஆனால் பக்கத்தில் உட்காருகிறவன் என் சகோதரன் என்று சொல்ல மாட்டேன். இதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியாது. குடிகாரன் திரும்பி வருவது எளிது, அவனுக்குத் தான் தொலைந்தது தெரியும். இந்த மூத்தவனுக்காகவும் அப்பா விருந்தை விட்டு வெளியே வந்து, "வருந்தியழைத்தான்" என்று எழுதியிருக்கிறது. ஒருவனுக்காக ஓடினார், இன்னொருவனிடம் கெஞ்சுகிறார்.

சிலுவை எதற்கு, சும்மா மன்னித்துவிட்டால் ஆகாதா என்றும் கேட்டிருந்தாய். நாங்கள் நம்புவது இன்னது என்று சபைகள் சேர்ந்து எழுதிய விசுவாசப் பிரமாணத்தில் "எங்களுக்காக" சிலுவையில் அறையப்பட்டார் என்று மட்டும் இருக்கிறது. எப்படி என்று விளக்கவில்லை. வேதசாஸ்திரிகள் பல விளக்கம் சொன்னார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒருத்திக்கு நீ இருபதாயிரம் கைமாற்றாகக் கொடுத்து, அவளால் திருப்ப முடியாதபோது "போகட்டும், விடு" என்றால், அந்தப் பணம் மாயமாகிவிடுவதில்லை. நஷ்டம் உன்னுடையது. மன்னிக்கிறவர்தான் சுமக்கிறார். கோபக்காரக் கடவுளை யாரோ மூன்றாவது ஆள் ரத்தம் கொடுத்துச் சமாதானப்படுத்தினார் என்று நாங்கள் நம்பவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறது வேதம். ஆணியடிக்கிறவர்களைப் பார்த்து இயேசு "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று சொன்னபோது, அதன் செலவு யார் உடம்பில் விழுந்தது என்று யோசித்துப் பார்.

பேரன் இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறான், சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தாங்களே விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்குக்கான வகுப்பு. "எப்படியும் மன்னிப்பார்னா தப்பு பண்ணிக்கலாமா ஆச்சி?" என்று கேட்டான். பவுலிடமே கேட்ட கேள்விதான்டா அது என்றேன். அவனுக்குச் சகேயுவைக் காட்டினேன். ஊரை ஏய்த்துச் சம்பாதித்த ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன். இயேசு முதலில் அவன் வீட்டுக்குத் தங்கப் போனார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகு. பயத்தில் கணக்கை மறைக்கிறவன், நேசம் வந்ததும் தானே எடுத்து நீட்டுகிறான். பையன் தலையாட்டினான், ஆனால் திருப்தி வந்த மாதிரித் தெரியவில்லை. இன்னும் கேட்பான், கேட்கட்டும்.

அடுத்த மாதம் பிஷப் வந்து அவர்களைத் திடப்படுத்துகிறார். நீ வரவேண்டும். துக்கவீட்டுக்காரி விசேஷத்துக்கு வரலாமா என்று யோசிக்காதே, எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து காலைப் பஸ்ஸில் ஏறினால் போதும், புது பஸ் ஸ்டாண்டுக்கு மகனை அனுப்புகிறேன். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. அம்மாவைப் பற்றி நீ பேச வேண்டியது நிறைய இருக்கும்.

அன்புடன்,
எஸ்தர்