வடகத்தைப் பொரிக்காமலே பரிசா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, மகளிர் தின விழா, ஊர்க் கண்காட்சி என்று எது நடந்தாலும் நம் பக்கத்தில் 'வீட்டுத் தயாரிப்புப் போட்டி' என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். ஊறுகாய், வடகம், ஒயர் கூடை, பூ வேலை, வீட்டில் காய்த்த காய்கறி எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கும். இது நல்ல வழக்கம், இன்னும் பெருக வேண்டும். ஆனால் அங்கே மதிப்பெண் போடும் முறை சரியில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு போட்டிக்கு நானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூழ் வடகம் கொண்டுபோயிருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்தார், மேசையைச் சுற்றி நடந்தார், போட்டோ எடுத்தார்கள், முடிவு சொல்லிவிட்டார்கள். கேரட்டில் பூச்செதுக்கி, கொத்தமல்லி தூவி வைத்த தட்டுக்கு முதல் பரிசு. ஒரு வடகத்தைக்கூட எண்ணெயில் போட்டுப் பார்க்கவில்லை. எங்களோடு வந்திருந்த ஒரு பெரியம்மா நடுவரிடம் போய், "எதுல கொறஞ்சுச்சுன்னு சொன்னீங்கன்னா அடுத்த வருசம் சரி பண்ணிக்கிருவேன் சார்" என்று கேட்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். பரிசு போனதில் அந்தப் பெரியம்மாவுக்கு வருத்தமே இல்லை. பதில் கிடைக்காததுதான் அவருக்கு ஆறவில்லை, எனக்கும்தான்.

வடகத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. காயக் காய உப்பு ஏறும் என்பதால் கூழில் உப்பைக் குறைத்துப் போட வேண்டும். அது தெரியாமல் போட்ட வடகத்தைப் பொரித்து வாயில் வைத்தால் கரிக்கும். உள்ளே ஈரம் நின்றிருந்தால் ஓரமெல்லாம் பொரிந்து நடுவில் கடுக்கென்று ஒரு கட்டி பல்லில் மாட்டும். நன்றாகக் காய்ந்தது எண்ணெயில் விழுந்த கையோடு பூத்து மேலே வரும், சிவக்காது. இவ்வளவும் வாணலி வைத்தால்தான் தெரியும். ஊறுகாயும் அப்படித்தான். வெறும் நாக்கில் தொட்டால் உப்பும் உறைப்பும் மட்டுமே தெரியும். நடுவர் கையில் ஒரு வாய் தயிர்சோறு கொடுத்து, அதோடு சாப்பிடச் சொல்ல வேண்டும். காய்க்கு மேலே எண்ணெய் நிற்கிறதா, பாட்டில் கழுத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மதிப்பெண்ணில் சேர வேண்டியது.

கைவேலைக்கும் இதே கதிதான். ஒயர் கூடையைத் தூரத்தில் வைத்துக் கலரைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். சிவன் கண் என்ற பின்னல் போட்ட கூடைக்கும் சாதா முடிச்சுக் கூடைக்கும் உள்ள உழைப்பு வித்தியாசம் பின்னத் தெரிந்தவருக்குத்தான் புரியும். கூடையைக் கையில் எடுத்துத் திருப்ப வேண்டும். தரையில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா, ஒயர் நுனிகள் உள்பக்கம் ஒழுங்காகச் சொருகியிருக்கிறதா, கைப்பிடி எடை தாங்குமா என்று பார்க்க வேண்டும். பூ வேலை செய்த துணியென்றால் முதலில் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நூல் தாவியிருப்பதும் முடிச்சு துருத்துவதும் அங்கேதான் தெரியும்.

கடையில் வாங்கிக் கொண்டுவந்து 'நானே செய்தேன்' என்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். இதைத் தடுக்கப் பெரிய விசாரணை எதுவும் வேண்டாம். சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கையால் கட்டிச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கிற மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அச்சடித்த புள்ளிச் சேலைகள் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கின்றன. போட்டிக்கு வரும் துணியில் ஒரு முழத்தை முடிச்சு அவிழ்க்காமல் கொண்டுவரச் சொன்னால், கையால் கட்டியதா அச்சா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துபோகும். கூடைக்காரரிடம் நான்கு ஒயரைக் கொடுத்து இரண்டு முடிச்சு போடச் சொன்னால் போதும்.

பிரிவு பிரிப்பதிலும் கவனம் வேண்டும். பொம்மை செய்வதே பிழைப்பான விளாச்சேரிக்காரரின் மண் பொம்மையையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மண் பொம்மையையும் ஒரே மேசையில் வைத்துப் போட்டி என்றால் இருவருக்குமே அநியாயம். தொழிலாகச் செய்பவர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், வீட்டுக்காக மட்டும் செய்பவர்கள், பிள்ளைகள் என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். உதகை மலர்க் கண்காட்சியையொட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி வைத்துச் சுழற்கோப்பை கொடுக்கிறார்கள். மலையில் நடக்கிற ஒழுங்கு இங்கேயும் நடக்கட்டும்.

காய்கறிப் போட்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய காய்க்குப் பரிசு என்று அறிவித்தால் மேசைக்கு வருவதெல்லாம் முற்றல்தான். சமைக்க உதவாத சுரைக்காயை மாலை போட்டு வைத்து என்ன பயன்? ஒரே அளவில் ஐந்து கத்தரிக்காய் கேளுங்கள், காம்பு வாடாமல் இருக்க வேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று ஒடிந்தால் அதற்கு மார்க். ஒரு காயை நறுக்கி உள்ளே புழு, விதை எல்லாம் பார்த்துவிடலாம். இந்தப் போட்டியைச் சித்திரை வெயிலில் வைக்காமல் தை மாதத்தில், உழவர் சந்தையிலேயே வைக்கலாம் என்பது என் யோசனை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே விற்பவர்களிடம் விவசாயி அடையாள அட்டை இருக்கிறது. எனவே சொந்தக் காட்டில் விளைந்ததுதானா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. மாடித் தோட்டக்காரர்களுக்கு அதே நாளில் தனி மேசை போடலாம்.

நடுவர்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஒத்தக்கடைப் பக்கம் 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியும் மதுரையில் இருக்கிறது. உணவு பதப்படுத்துதலைப் பாடமாகவே நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், அந்த வேலையில் கைதேர்ந்த பெண் ஒருவர், இந்த இருவரும் உட்கார்ந்தால் போதும். விருந்தினர் பரிசு கொடுக்கட்டும், அவரை மார்க் போடச் சொல்ல வேண்டாம். பாட்டிலிலும் தட்டிலும் பெயருக்குப் பதில் எண் மட்டும் ஒட்ட வேண்டும்.

அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் எதிரே நிற்கிற ஒவ்வொருவருக்கும் சட்டம் தெரியும். திமிலை விடாமல் பிடித்து எல்லைக்கோடு வரை போனானா, இல்லையா என்று கூட்டமே சொல்லும். மாடுபிடிக்கு அவ்வளவு தெளிவாகச் சட்டம் வைத்திருக்கிற ஊரில், ஒரு பெண் வெயிலில் நின்று பிழிந்த வடகத்துக்கு ஒரு சட்டமும் இல்லை.

கடைசியாக, மதிப்பெண் சீட்டு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பரிசு குக்கரா குடமா என்பது பெரிய விஷயமில்லை. கலந்துகொண்ட ஒவ்வொருவர் பொருளோடும் ஒரு துண்டுச் சீட்டு திரும்பி வர வேண்டும். 'உப்பு கூடுதல்', 'அடிப்பாகம் ஆடுகிறது', 'காய் ஒரே அளவில் இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பெரியம்மா நடுவரிடம் போய் நின்றார்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. போட்டி நடத்துகிறவர்கள் விதிகளையும் பிரிவுகளையும் முன்கூட்டியே தந்தால் அவற்றை முழுதாக வெளியிடுங்கள். பரிசுப் பட்டியலோடு, எதற்காகப் பரிசு என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சித்திரையில் போட்டி என்றால் அறிவிப்பு மாசிக்குள் வந்துவிட வேண்டும். மாவடு வருவதும் வடகத்துக்கு ஏற்ற வெயில் அடிப்பதும் மாசி, பங்குனியில்தான். அதற்குப் பிறகு அறிவித்தால், ஏற்கெனவே வீட்டுக்குப் போட்டு வைத்ததில் மிச்சம் மீதி இருப்பதைத்தான் கொண்டுவர முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.