வேட்டங்குடி நாரைப் படம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். பொங்கலுக்கு வந்தபோது வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நீ எடுத்த நத்தை குத்தி நாரைப் படங்கள் இரண்டையும் பார்த்தேன். இவற்றைத் திருத்த உட்காரலாமா, அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்த எனக்கு இதற்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

கூட்டின் மேல் நிற்கும் நாரையின் படத்தை அழித்துவிடு. உச்சி வெயிலில் அதன் முதுகும் கழுத்தும் வெளுத்துப்போய், இறகு என்று சொல்ல ஒரு கோடு கூட அங்கே இல்லை. ஃபிலிமில் வெளிச்சம் கூடிப்போனால் பிரிண்ட் போடும்போது ஓரளவு மீட்டுவிடுவோம். வெளிச்சம் குறைந்து நெகட்டிவ் மெலிந்துவிட்டால்தான் கை விரிப்போம். உன் கேமராவுக்கு இது நேர்மாறு. இருட்டுக்குள் விவரம் ஒளிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்ட வெண்மையில் தேடி எடுக்க ஒன்றுமே இருக்காது. அதைச் சாம்பல் நிறமாக்கலாம், இறகாக்க முடியாது. அது மட்டுமல்ல, கூட்டில் நிற்கும் நாரையை அடுத்த தையிலும் எடுக்கலாம். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களில், தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காத்துவரும் கொள்ளுக்குடிப்பட்டி மக்களை நம்பி அவை திரும்பி வரும்.

சுள்ளியைக் கவ்விக்கொண்டு இறங்கும் நாரையின் படம் வேறு. அது இருண்டிருக்கிறது, சிறகின் நுனி கலங்கியிருக்கிறது, வால் மேல் ஒரு கிளை குறுக்கே போகிறது. ஆனாலும் முதலில் நான் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தெளிவாக இருக்கிறது. கண் தப்பியிருந்தால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை என்று அப்போதே விட்டுவிடச் சொல்லியிருப்பேன். நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்ததால் சிறகு கலங்கியது. இறங்குகிற பறவைக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது, அதைத் தொடாதே.

எல்லாவற்றையும்விட, அலகின் நடுவே உள்ள இடைவெளி வழியாகப் பின்னாலிருக்கும் தண்ணீரின் வெளிச்சம் தெரிகிறதே, அதற்காகத்தான் இந்தப் படத்தைத் திருத்தச் சொல்கிறேன். அந்த இடைவெளி குஞ்சுகளுக்கு இருக்காது, வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு. கூர்மையாக்கும் மென்பொருளைக் கண்டபடி ஓடவிட்டால் இல்லாத இறகுகளை வரைந்து, அந்த இடைவெளியையும் அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்துவிட்டால், பறவை தெரிந்தவர்கள் அதை நத்தை குத்தி நாரை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆச்சியின் உதட்டு மேலிருந்த மருவை, அழகாக இருக்கட்டும் என்று நெகட்டிவில் நிரப்பி மறைத்துக் கொடுத்தேன். மறுவாரம் அவர் மகன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது எங்க ஆத்தா இல்லை" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பென்சில் தடவலை எடுத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுக்கும்வரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் கிளையையும் அழிக்காதே, ஆத்தா. அந்த மரத்தில்தான் அது கூடு கட்டிக்கொண்டிருந்தது.

நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கு, அப்போது மணல் தூவியதுபோல் கிளம்பும் புள்ளிகளை மெல்ல அடக்கு, ஓரங்களை வெட்டு. 6000-க்கு 4000 பிக்சல் உள்ள படத்தில் பறவையைச் சுற்றி வெட்டினால் 1800-க்கு 1200 மிஞ்சும் என்று கணக்கிட்டேன். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால் அது 6-க்கு 4 அங்குலம்தான். வீட்டு முகப்பில் ஐயா படத்தின் பக்கத்தில் பெரிதாக மாட்ட வேண்டும் என்று உன் அம்மா ஆசைப்படுகிறாள். அந்த அளவுக்கு இது தாங்காது, ஆல்பத்துக்குப் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் இதில் உட்காராதே. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பில்தான் வேலை செய்ய வேண்டும். அதை எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், மின்னஞ்சலில் அனுப்பு. நீ முடித்ததையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அலகை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி